எட்டுக்கு நாலு பலகையும் ஐந்தடிப் பாம்பும்

மரக்கடையில் போய் "ப்ளைவுட் ஒரு ஷீட்" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை எம்எம் கனம் என்றுதான் கடைக்காரர் கேட்பார். நீளம் அகலம் கேட்க மாட்டார். எட்டுக்கு நாலு. சென்னையானாலும் சரி, சிகாகோவானாலும் சரி, வழக்கமான அளவு இதுதான்.

அந்த ஷீட்டை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வெட்டினால் நாலுக்கு ரெண்டில் நான்கு துண்டு கிடைக்கும். ஒன்று தரை, ஒன்று கூரை, ஒன்று முதுகு. நான்காவதை நடுவில் வெட்டினால் ரெண்டுக்கு ரெண்டில் இரண்டு பக்கச் சுவர். முன்னால் கண்ணாடி. முடிந்தது ஒரு பெட்டி. துண்டு துக்கடா எதுவும் மிஞ்சாது (ரம்பம் தின்னும் தூளை விட்டுவிடுங்கள்).

இப்போது அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வீட்டில் பாம்பு வளர்க்கும் ஒருவரைப் பிடித்து, "வளர்ந்த பால் பைத்தானுக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்?" என்று கேளுங்கள். இன்றைக்கு அதிகமாகக் கிடைக்கும் பதில்: நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம்.

அட! என்ன பொருத்தம்! ஆப்பிரிக்கக் காட்டில் பிறந்த ஒரு பாம்பின் தேவையும் மரக்கடை ஷீட்டின் கணக்கும் ஒரு அங்குலம்கூடப் பிசகாமல் ஒத்துப்போகிறதே! பாம்பை அளந்து சொன்ன பதிலா இது, பலகையை அளந்து சொன்ன பதிலா?

பாம்பைப் பற்றி இரண்டு வரி. பால் பைத்தான் என்றதும் புற்றுக்குப் பால் ஊற்றும் ஞாபகம் வர வேண்டாம். இது பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும், அதனால் வந்த பெயர். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காதான் சொந்த ஊர். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகக் கப்பலிலும் விமானத்திலும் போய்க்கொண்டிருக்கிறது. விஷமில்லை, சாது, கடிப்பது அபூர்வம். ஆண் மூன்று மூன்றரை அடி. பெண் நாலு, ஐந்தடி வரை வளரும்.

ஆணுக்கு அந்தப் பெட்டி போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தடிப் பெண்ணை உள்ளே விட்டால்? நீளவாக்கில் படுத்தால் ஒரு அடி இடிக்கும். மூலைக்கு மூலை படுத்தாலும் நாலரை அடிக்குள்தான் இடம். பித்தாகரஸைத் துணைக்குக் கூப்பிட்டு, தரை மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கூரை மூலை வரை கம்பி மாதிரி விறைத்து நின்றால்கூட 4.9 அடி. இரண்டு அங்குலம்கூட இல்லை, ஒன்றே கால் அங்குலம் குறைகிறது! ஆக, இருபது முப்பது வருஷம் வாழும் ஒரு பிராணி, அதன் உடம்பை முழுசாக நீட்ட ஒரு நாளும் வழியில்லாத ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதற்குப் பெயர் "பரிந்துரைக்கப்பட்ட அளவு".

செருப்புக்கேற்றபடி காலை வெட்டுவது என்பார்கள். இங்கே காலே இல்லாத பிராணியிடமும் அதையே செய்திருக்கிறார்கள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நாலடிப் பெட்டிக்காரர்தான் இந்தப் பொழுதுபோக்கில் தாராள மனசுக்காரர். இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆளுயர இரும்பு அல்லது மர ரேக், அதில் வரிசையாக பிளாஸ்டிக் ட்ராயர்கள், ட்ராயருக்கு ஒரு பாம்பு. மூன்றடிக்குள் நீளம், ஒன்றரை அடிக்குள் அகலம், உயரம் அரையடிதான். அடியில் பேப்பர், ஓரத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், பின்னால் ஒரு சூட்டு நாடா. விளக்கு கிடையாது, ஏறக் கிளை கிடையாது. மேல் ட்ராயரின் அடிப்பாகமோ ரேக்கின் தட்டோதான் கீழ் ட்ராயருக்கு மூடி.

இது யார் கண்டுபிடிப்பு? வியாபாரிகளுடையது. நூற்றுக்கணக்கான பாம்புகளை வைத்து, விதவிதமான நிறத்தில் குட்டி பொரித்து விற்பவருக்கு ரேக் என்பது கிடங்கு. ஒரு சதுர அடி வாடகைக்கு எத்தனை பாம்பு, ஒரு ட்ராயரைச் சுத்தம் செய்ய எத்தனை நிமிஷம், ஒரு பாம்புக்கு எத்தனை யூனிட் கரண்ட்... இதெல்லாம் அவர் கவலை. காஸ்ட் அக்கவுண்டிங் படித்த யாருக்கும் அந்தக் கணக்கு புரியும். சரக்கு இருக்கும் இடம் சரக்குக்கு வசதியாக இருக்க வேண்டியதில்லை, சேதாரமில்லாமல் இருந்தால் போதும்.

ஆனால் வீட்டில் ஒரே ஒரு பாம்பு வைத்திருக்கும் ஆசாமி ஏன் கிடங்குக் கணக்கைத் தன் ஹாலில் போடுகிறார்? வாடகை மிச்சம் பிடிக்க அவருக்கு இன்னும் தொண்ணூற்றொன்பது பாம்பு இல்லையே! காரணம் எளிது. பாம்பை விற்றவர்தான் அவருக்குப் பராமரிப்புக் குறிப்பும் எழுதிக் கொடுக்கிறார். சரக்கு விற்பவரே வைத்தியர், அவரே வக்கீல், அவரே நீதிபதி. "இந்தப் பாம்புக்கு ஆறடிப் பெட்டி வேண்டும்" என்று சொன்னால் பாதிப் பேர் வாங்காமல் போய்விடுவார்கள். "ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும் சார்" என்றால் அன்றைக்கே வியாபாரம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருக்கிறார்கள். பெரிய பெட்டியில் விட்டால் பால் பைத்தான் பயந்து சாப்பிடாமல் கிடக்குமாம். காட்டில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் வாழ்வதுதானே, அதற்கு இடுக்குதான் பிடிக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மொட்டையாக ஒரு பெரிய பெட்டியில் ஒளிய இடமில்லாமல் விட்டால் எந்தப் பாம்பும் பயப்படும். அது பெட்டியின் நீளத்தால் வந்த பயமல்ல, மறைவிடம் இல்லாததால் வந்த பயம். சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் ஒரு பொந்து, நடுவே இலை தழை, மரத்துண்டு என்று வைத்தால் அதே பாம்பு அதே பெட்டியில் எலியை விழுங்கிவிட்டுப் போகும். எலி வளை பிடிக்கும் என்பதால் வளையை விட்டு வெளியே விடாதே என்பது என்ன நியாயம்? மனிதனுக்குக் கூடத்தான் தூங்கக் கட்டில் பிடிக்கும்.

காட்டில் இது வளைக்குள்ளேயே கிடக்கிறது என்பதும் முழு உண்மையல்ல. லூய்செல்லி, ஆஞ்செலிச்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்கிழக்கு நைஜீரியாவின் மழைக்காட்டுப் பாம்புகளைப் பற்றி 1998இல் எழுதினார்கள். ஆண் பாம்புகளும் சின்னப் பாம்புகளும் அதிகமாகத் தின்றது பறவைகளை. அரையடி உயர ட்ராயருக்குள் வாழப் பிறந்த ஜென்மம் மரமேறிக் குருவி பிடிக்குமா?

இன்னும் நேரடியான சாட்சி 2021இல் வந்தது. மியூனிக் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் 35 பால் பைத்தான்களை முதலில் ரேக்கிலும், பிறகு கிளை, தண்ணீர், மண் வைத்த பெரிய கண்ணாடிப் பெட்டியிலும் விட்டுப் படம் பிடித்தார்கள். அதே பாம்புகள், வேறு வீடு. பெட்டியில் ஏறின, தோண்டின, தண்ணீரில் கிடந்தன, நீட்டிப் படுத்தன. ரேக்கில் இதற்கெல்லாம் வழியே இல்லை. அதற்குப் பதிலாகச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் தெரிந்தது. மிருகக்காட்சிசாலைக் கூண்டில் புலி அப்படியும் இப்படியும் நடந்துகொண்டே இருக்குமே, அந்த ரகம். "பாம்புக்கு என்ன தெரியப்போகுது" என்பவர்கள் அந்த ஆய்வை ஒரு தடவை படிக்கலாம்.

பிரிட்டனில் 2006ஆம் வருஷத்து விலங்கு நலச் சட்டம் வளர்ப்புப் பிராணியின் தேவைகளில் ஒன்றாக, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு இருப்பதைச் சொல்கிறது. உடம்பை நீட்டுவதைவிட இயல்பான காரியம் ஒரு பாம்புக்கு வேறு என்ன இருக்க முடியும்?

சரி, கடையில் பெட்டி வாங்குபவரை விடுங்கள். கடையில் உள்ள அளவில்தான் வாங்க முடியும், பாவம். சொந்தமாகப் பெட்டி செய்பவருக்கு என்ன கேடு? ரம்பம் அவர் கையில், டேப் அவர் கையில். அளவு எதுவானாலும் கேட்க ஆளில்லை. அவரும் போய் அதே நாலடி செய்துவிட்டு, "பாதி விலையில் முடித்துவிட்டேன்" என்று படம் போட்டுக்கொள்கிறார். சொந்தமாகச் செய்வதில் இருக்கும் ஒரே பெரிய லாபம் அளவைத் தானே முடிவு செய்யலாம் என்பது. அதை விட்டுவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கணக்கையே பார்ப்போம். ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். முதல் ஷீட்டில் ஆறுக்கு ரெண்டில் இரண்டு துண்டு (தரை, கூரை), மிச்சத்தில் ரெண்டுக்கு ரெண்டில் இரண்டு (பக்கச் சுவர்கள்). இரண்டாவது ஷீட்டில் ஆறுக்கு ரெண்டில் ஒன்று, அது முதுகு. ஐந்தடிப் பாம்பு நீட்டிப் படுக்கலாம். நீட்ட முடியாத வாழ்க்கைக்கும் நீட்ட முடிகிற வாழ்க்கைக்கும் நடுவில் நிற்பது ஒரு ஷீட் ப்ளைவுட், இரண்டடி நீளக் கண்ணாடி, தேவைப்பட்டால் இன்னொரு பல்பு. அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்குத் தேய்மானம் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு என்ன வரும்? மாசம் தின்னும் எலியின் விலை அதைவிட அதிகம்.

இருபத்தைந்து வருஷம் என்பதே குறைந்த மதிப்பீடாக இருக்கலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961இல் ஒருவர் கொடுத்த பால் பைத்தான் ஒன்று, 2020 ஜூலையில் முட்டையிட்டது. குறைந்தது 62 வயது! எத்தனையோ வருஷமாக ஆண் பாம்பின் பக்கமே போகாமல் இட்ட முட்டை, அது தனிக் கதை. அந்தப் பாட்டியை யாராவது அரையடி ட்ராயரில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அங்கேதான் இந்த வீட்டுத் தச்சர்கள் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள். தெர்மோஸ்டாட். பெட்டியின் ஒரு முனை 32 டிகிரி போல, மறுமுனை 25 டிகிரி போல இருக்க வேண்டும். வெறும் சூட்டு விரிப்பை நேராக பிளக்கில் செருகிவிட்டால் அது கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பாம்பு நகர்ந்து போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அதன் மேலேயே கிடந்து வயிற்றுச் செதில் வெந்துபோகும். பல்புக்குக் கம்பிக்கூடு போடாவிட்டால் அதையே போய்ச் சுற்றிக்கொள்ளும். செயற்கைப் பாறை, பிசின் ஊற்றிய அருவி, நீல எல்இடி என்று செலவழித்துவிட்டு தெர்மோஸ்டாட்டை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவரைப் பற்றி நாகரிகமாக எழுதுவது கஷ்டம். அருவி பார்க்க வருபவருக்கு, தெர்மோஸ்டாட் பாம்புக்கு. யாருக்காகப் பெட்டி செய்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் சில சில்லறை அநியாயங்கள். மூட்டுகளில் சிலிக்கான் அடைக்காத மரத்தூள் பலகை ஈரத்தில் இட்லி மாதிரி உப்பும். வார்னிஷ் அடித்த மறுநாளே பாம்பைக் குடிவைப்பார்கள், வாடை போகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. நகரும் கண்ணாடிக்குப் பூட்டுப் போட மாட்டார்கள். பிறகு "பாம்பைக் காணோம்" என்று தெருவெல்லாம் தேடுவார்கள்.

"இவ்வளவு பேசுவதற்குப் பாம்பே வளர்க்காமல் இருந்துவிடலாமே" என்று யாராவது கேட்டால், அது நேர்மையான கேள்வி. அப்படிச் சொல்பவர்களிடம் சண்டை போட எதுவுமில்லை. நம்மூரில் சட்டமே ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. நல்லதோ சாரையோ மண்ணுளியோ, நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மாதிரி சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் என்றால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2022 திருத்தம். அப்படியும் பாங்காக்கிலிருந்து சூட்கேஸில் பாம்பு வருவதும், சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதும் பல தடவை நடந்தாகிவிட்டது. துணிப்பையில் கட்டிச் சூட்கேஸில் வந்த பாம்பு இறங்கும் வீட்டில் என்ன பெட்டி காத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் அனுமதிக்கும் ஊரில், ஆசைப்பட்டு வாங்கி, தானே பெட்டி செய்ய உட்கார்ந்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் எல்லாம். அவர் இரண்டாவது ஷீட்டை வாங்கி, முதுகுப் பலகையை வெட்டிய பிறகு இருபது சதுர அடி மிஞ்சும். வீணாகப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். அதில் இரண்டு பொந்துப் பெட்டிகள், ஏறிப் படுக்க ஒரு தட்டு, கண்ணாடிக்கு ஒரு சட்டம் எல்லாம் அடித்துவிடலாம்.