தும்மலுக்கு நாக்கடியில் மருந்து... அலர்ஜி தீருமா?

தேனி மாவட்டம் லோயர் கேம்ப் போன்ற மலையடிவார ஊர்களில் காத்து சீசன் வந்தாலே சிலருக்கு விடாத தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. மாத்திரை போட்டால் நிற்கும். விட்டால் திரும்ப வரும். இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் நாக்கடி இம்யூனோதெரபி.

அது என்ன?

எந்த மகரந்தம் அல்லது தூசி ஒத்துக்கலையோ, அதையே மிகச் சிறிய அளவில் தினமும் நாக்குக்கு அடியில் வைத்து உடம்பைப் பழக்குவது. 1911-ல் லண்டனில் லியோனார்ட் நூன் ஊசி மூலம் செய்துபார்த்த அதே யோசனைதான்.

எவ்வளவு நாள்?

பொதுவாக 3 வருஷம். பாதியில் விட்டால் பலன் நிலைப்பது சந்தேகம்.

எங்கே சிக்கல்?

அமெரிக்காவில் 2014 முதல் அனுமதி பெற்ற மாத்திரைகள் புல், ராக்வீட் மகரந்தம், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி ஆகியவற்றுக்கானவை. நம்மூர் பார்த்தீனியம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முதலில் தோல் பரிசோதனை. பிறகு, 'இந்த மருந்தில் என்ன இருக்கு? என் அலர்ஜிக்கு இது வேலை செய்யும்னு ஆதாரம் இருக்கா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு. மற்றவர்களுக்கும் முதல் டோஸ் டாக்டர் முன்னால்தான். வாய் அரிப்பு சகஜம். மூச்சு திணறினால் உடனே 108.