ஊர் மாறத் தெரியாத நிரல்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே கணினியைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் வீட்டில் மறுத்துப் பேச ஆளில்லை. அந்தத் துணிச்சலில்தான் சென்ற ஆண்டு ஒரு காரியம் செய்தேன். அதில் நான் பட்ட பாடுதான் இக்கட்டுரை. ஆசிரியப் பெருமக்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

என் தாயார் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களது சேமிப்புக் கணக்கை எழுத, நம் ஆய்வுக்கூடத்தில் கற்ற டர்போ சி-யில் ஒரு நிரல் எழுதினேன். படமில்லை, சுட்டியில்லை; முழுவதும் எழுத்துத் திரைதான். நீல நிறப் பின்னணி, மஞ்சள் எழுத்து, சுற்றிலும் இரட்டைக் கோட்டுப் பெட்டி. எண்ணை அழுத்தினால் உறுப்பினரின் பெயரும் தொகையும் வரும். ஆறு மாதம் நோட்டிலும் எழுதினோம், நிரலிலும் ஏற்றினோம். இரண்டும் ஒத்துப்போயின. அதன்பின் அம்மா பேரேடு எழுதுவதை நிறுத்திவிட்டார். உறுப்பினர்களின் பாஸ் புத்தகத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தார். "நீ படிச்சவன், நீ சொன்னா சரிதான் தம்பி" என்றார். அந்தச் சொல்லை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். கடைக்காரர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். நிரலையும் கணக்குக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துப்போய் வீட்டில் கம்பைல் செய்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. 'கோனியோ' என்ற தலைப்புக் கோப்பு இங்கே இல்லை என்றது.

ஓர் இயங்குதளத்தில் ஓடும் நிரலை இன்னொன்றில் ஓடும்படி மாற்றுவதைப் போர்ட்டிங் என்பார்கள். நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுவது போன்றதுதான். வேரில் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்பது பிடுங்கும்போதுதான் தெரிகிறது. திரையைத் துடைக்கும் கட்டளையும், ஒரு விசையை அழுத்தியவுடன் வாங்கிக்கொள்ளும் 'கெட்ச்' கட்டளையும் சி மொழியின் உறுப்புகள் என்றே நான் நம்பியிருந்தேன். இல்லை. 1989-இல் அமெரிக்காவில் வகுத்த சி மொழித் தரத்தில் அவை கிடையா. அவை டாஸ் கால ஐபிஎம் கணினிக்கென்று கம்பைலர்க்காரர்கள் சேர்த்துக் கொடுத்த வசதிகள்.

டாஸில் நிரல்தான் ராஜா. 80 பத்தி, 25 வரி கொண்ட திரையின் நினைவகத்தில் அது நேரே எழுதலாம், கேட்பாரில்லை. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் அப்படியில்லை. நிரல் எழுத்துகளை அனுப்பும். அவற்றைத் திரையில் இடுவது டெர்மினலின் வேலை. 'திரையைத் துடை' என்பதையும் ஓர் எழுத்துத் தொடராகத்தான் அனுப்ப வேண்டும். விசையை அழுத்தினாலும் எண்டர் தட்டும்வரை நிரலிடம் வந்து சேராது. வரவேண்டுமென்றால் டெர்மினலின் அமைப்பை மாற்றக் கேட்டுக்கொள்ள வேண்டும். லினக்ஸில் என்கர்சஸ் என்றொரு நூலகம் உண்டு. அதிலும் ஒரு 'கெட்ச்' இருக்கிறது. பெயர் ஒன்று, குணம் வேறு. இரண்டு இரவுகள் அதில் போயின. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

குறை அடுத்து வந்தது. திரை சரியானதும் கணக்குக் கோப்பைத் திறந்தேன். முதல் உறுப்பினர் ராணி அத்தை. ஆங்கில எழுத்தில் பதிந்திருந்த அவர் பெயரில் 'ரா' போய் 'ணி' மட்டும் நின்றது. அவருடைய உறுப்பினர் எண் 1. திரையிலோ 109 கோடியே 58 லட்சத்து 92 ஆயிரத்து 993! சேமிப்புத் தொகை 19 இலக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது வரிகள்தாம் வந்தன. மூவரைக் காணவே இல்லை. கடனுக்காக வங்கியில் கணக்குக் காட்ட வேண்டிய வாரம் அது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் உறுப்பினர்களிடம் பாஸ் புத்தகங்களைத் திரும்ப வாங்கி வரலாமா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. டர்போ சி-யில் முழு எண்ணுக்கு 2 பைட். பெயருக்கு நான் ஒதுக்கியது 20. தொகைக்கு வைத்த 'லாங்' வகைக்கு 4. ஆக ஓர் உறுப்பினருக்கு 26 பைட். என் மடிக்கணினியின் 64 பிட் லினக்ஸில் முழு எண்ணுக்கு 4, லாங் வகைக்கு 8, மொத்தம் 32. பழைய கோப்பை 32 பைட் படியால் அளந்தால் என்ன ஆகும்? எண் தன் 2 பைட்டோடு நிற்காமல், பெயரின் முதலிரண்டு எழுத்துகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அந்த எழுத்துகளின் மதிப்புதான் 109 கோடி! 12 பேருக்கு 312 பைட். அதை 32-ஆல் வகுத்தால் ஒன்பதே முழு ஆள். கோப்பு கெடவில்லை. மரக்கால் மாறிவிட்டது, அவ்வளவே.

இதை நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். "டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்ட வேண்டியதுதானே?" என்றார்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடமாட்டா. ஆகவே நம் ஆய்வுக்கூடத்தில்கூட டர்போ சி டாஸ்பாக்ஸுக்குள்தான் ஓடுகிறது. அது இல்லாத பழைய கணினி ஒன்றை இருப்பதுபோல் நடித்துக் காட்டும் மென்பொருள். அதை நான் இகழவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கடைசியில் அதனிடம்தான் போய் நின்றேன். ஆய்வுக்கூடத்தில் டர்போ சி-யிலேயே இருபது வரியில் ஒரு சிறு நிரல் எழுதி, கணக்கு முழுவதையும் ஆளுக்கொரு வரியாகச் சாதாரண எழுத்துக் கோப்பில் இறக்கினேன். அந்தக் கோப்பை லினக்ஸ் தடையின்றிப் படித்தது. வங்கிக்குப் போகும் முன்தினம் இரவு, தொகைகள் பாஸ் புத்தகங்களோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயின. ஆனால் பழைய வீடு இன்னும் நின்றதால்தானே பொருளை எடுக்க முடிந்தது? அது இடிந்தபின் வந்திருந்தால்?

'நடிப்புக் கணினி போதும்' என்போர்க்கு ஒரு வரலாறு சொல்வேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1977-இல் ஸார்க் என்ற விளையாட்டை ஒரு பெருங்கணினியில் எழுதினார்கள். படமே கிடையாது, எல்லாம் வாக்கியங்கள்தாம். அதை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுபோக நினைத்தபோது அவை சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு சாதி. ஜோயல் பெரெஸ், மார்க் பிளாங்க் என்ற இருவர் 1979-இல் இஸட்-மெஷின் என்று ஒரு கற்பனைக் கணினியை வரைந்தார்கள். கதை அந்தக் கற்பனைக் கணினிக்கு ஒரே முறை எழுதப்படும். ஒவ்வொரு கணினி வகைக்கும் அதைப் படித்துக் காட்டும் ஒரு சிறு நிரல் மட்டும் புதிதாக எழுதினால் போதும். அந்தக் கதைக் கோப்புகள் இன்று கைப்பேசியிலும் ஓடுகின்றன.

இதுவும் நடிப்புக் கணினிதானே என்று நீங்கள் மடக்கலாம். ஆம். ஆனால் எது கதை, எது கணினியைச் சார்ந்தது என்று அவர்கள் எழுதும் முன்பே கோடு கிழித்தார்கள். நாம் இரண்டையும் பிசைந்து வைத்துவிட்டுப் பிறகு டாஸ்பாக்ஸைத் தேடுகிறோம். பிராம் மூலனார் 1991-இல் அமிகா கணினிக்கென வெளியிட்ட விம் என்ற எழுத்துத்திருத்தி, யூனிக்ஸுக்கும் டாஸுக்கும் விண்டோஸுக்கும் போய்ச் சேர்ந்தது. 2023-இல் அவர் மறைந்தார். விம் இன்றும் புதிய பதிப்புகளோடு நடமாடுகிறது. அமிகாவை இன்று யார் வீட்டில் பார்க்க முடியும்?

ஆகவே என் கோரிக்கை இது. டர்போ சி-யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாடத்திட்டம் மாறும்வரை அது இருக்கட்டும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் எழுதும் பயிற்சிகளில் ஒன்றையாவது இரண்டு இயங்குதளங்களில் ஓட்டிக் காட்டும்படி நம்மைக் கேட்க வேண்டும். லினக்ஸுக்கும் அதன் கம்பைலருக்கும் காசில்லை. நேரம் செலவாகும், மறுக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு இருபது நிரல்களை மனப்பாடம் செய்ய நாம் செலவிடும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் அது பெரிதன்று. கட்டளைகளை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அவற்றுள் எது மொழி, எது இயந்திரம் என்று பிரிக்கத் தெரியவில்லையே! இரண்டாவது இடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது.

குழுக் கணக்கு இப்போது எழுத்துக் கோப்பில்தான் இருக்கிறது. அம்மாவும் மீண்டும் பேரேடு எழுதுகிறார், நான் தடுக்கவில்லை. ஊர் மாறியதில் ஓர் ஆதாயமும் கிடைத்தது. டாஸ் திரையில் வராத தமிழ் எழுத்து லினக்ஸ் டெர்மினலில் வருகிறது. பெயர்களையெல்லாம் தமிழில் மாற்றினேன். அதிலும் ஒரு கண்டம். யூனிகோடு கோப்பில் 'ராணி' என்பது நான்கு குறிகள், குறிக்கு மூன்று பைட்டாக 12 பைட். நான் பெயருக்கு வைத்த 20-இல் முத்துலட்சுமி அக்காவின் பெயர் பாதிகூட அடங்கவில்லை. அதை 64 ஆக்கினேன். நிரல் பைட்டை எண்ணி இடைவெளி விடுவதால் தொகைகளெல்லாம் வரிக்கு வரி தள்ளித்தள்ளி நிற்கின்றன.

அம்மா திரையில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு விரலை வைத்து, "கணக்கு சரி தம்பி, வரிசை ஏன் இப்படிக் கோணலா இருக்கு?" என்றார். அதைத்தான் இந்த வாரம் திருத்திக்கொண்டிருக்கிறேன்.