ஊர்ப் பேச்சைத் திருத்தினோம்

எங்கள் சமுதாய வானொலியின் வாராந்திர நிகழ்ச்சி நிரலைப் பார்த்தவர்கள் பாராட்டாமல் போனதில்லை. உழவர் நேரம், மகளிர் அரங்கம், சித்த மருத்துவம், சட்ட உதவி, சிறுவர் பகுதி, நாட்டுப்புறப் பாடல், வேலைவாய்ப்பு என்று இருபதுக்கு மேல் தலைப்புகள். வருகிற விருந்தினர்களிடம் சுவரில் ஒட்டிய அந்தத் தாளைக் காட்டித்தான் நாங்களும் பெருமைப்பட்டோம். தலைப்புகள்தாம் இருபது. குரல்களை எண்ணினால், எங்கள் ஏழெட்டுப் பேரின் குரல், எங்களுக்குத் தெரிந்த மருத்துவர், வேளாண் அலுவலர், பேராசிரியர்களின் குரல், அவ்வளவுதான். மீதி நேரத்தைத் திரைப்பாடல் நிரப்பியது. தன்னார்வலர், பணியாளர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் சேர்ந்து செய்த தவறு இது.

எங்கள் ஒலிபரப்பு சுற்றுவட்டாரத்தில் 10 கிலோமீட்டர் போனால் அதிகம். அதற்குள் எந்த ஊருக்கும் சைக்கிளிலேயே போய்வரலாம். நாங்கள் போகவில்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், கூடியவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்கின்றன, 2006இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். அதற்குச் சம்மதித்துத்தான் உரிமம் வாங்கினோம்.

வட்டார வழக்கை நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நடவுப் பாட்டுத் தெரிந்த பாட்டி ஒருவரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வண்டி வைத்து அழைத்துவந்தோம். கண்ணாடிக்கு அப்பால் குளிரூட்டிய அறையில், நாற்காலியில் உட்காரவைத்து, ஒலிவாங்கியை முகத்துக்கு நேராக நிறுத்தினோம். அவர் ‘நாத்து’ என்றார். ‘நாற்று’ என்று சொல்லுங்கள் அம்மா என்றோம். ‘வூடு’ என்றார். அதையும் திருத்தினோம். ஐந்தாவது முறை பதிவை நிறுத்தியபோது, “வயல்ல எறங்கிக் குனிஞ்சாத்தான் தம்பி பாட்டு வரும். பின்பாட்டுக்கும் ஆளில்ல. நாற்காலியில உக்காந்தா எப்படி வரும்?” என்று கேட்டார். நடவுப் பாட்டு ஒருவர் எடுத்துக்கொடுக்க, வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அது தெரிந்தும் அவரைத் தனியாக அழைத்துவந்திருந்தோம். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஆறாவது முறை பதிவுசெய்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நேரத்தையும் எங்கள் வசதிக்கே வைத்துக்கொண்டோம். மகளிர் அரங்கம் காலை 11 மணிக்கு. அப்போது பெண்கள் வயலில் இருப்பார்கள், அல்லது நூறு நாள் வேலையில். மாலை 5 மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம். கணினி தானாகப் பாட்டுப் போட்டது. தெலங்கானாவில் மாச்சனூர் கிராமத்தின் சங்கம் வானொலி, 2008இல் தலித் பெண்கள் நடத்தத் தொடங்கியது. காட்டுவேலை முடிந்து திரும்புகிறவர்கள் கேட்க வேண்டும் என்று அவர்கள் ஒலிபரப்பை இரவு 7 மணிக்கு வைத்தார்கள். விதையைப் பற்றியும் சிறுதானியத்தைப் பற்றியும் பேசியவர்கள் அவற்றை விளைவித்தவர்களே. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய கடல் ஓசை, காற்றையும் அலையையும் பற்றிக் கடலுக்குப் போகிறவருக்குச் சொல்கிறது. இரண்டையும் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறோம். குறிப்பேடுகள் அலமாரியில் இருக்கின்றன.

சமுதாய வானொலி செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது என்ற தடைக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டோம். மின்தடை, குடிநீர், மழை எச்சரிக்கை போன்ற உள்ளூர்த் தகவல்களை அந்தத் தடை மறிக்கவில்லை. அவற்றைத் திரட்டத் தினமும் நான்கு இடங்களுக்குப் பேச வேண்டும். நாங்கள் பேசவில்லை.

பதிவுகளை அழித்ததுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. குறைந்தபட்சமாகச் சொன்ன அதை நாங்கள் எல்லையாக எடுத்துக்கொண்டோம். கணினியில் இடமில்லாத போதெல்லாம் பழையவற்றை அழித்தோம். தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு, பழைய வெள்ளத்தைப் பற்றி முதியவர்கள் சொன்னவை எல்லாம் போயின. திரைப்பாடல்களை மட்டும் எவரும் தொடவில்லை.

நடவுப் பாட்டுப் பாடிய பாட்டி இறந்த பிறகு அவருடைய பேரன் வந்தார். ஆயாவின் குரல் வேறெங்கும் இல்லை, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கையில் புதிய பென்டிரைவ். கணினியில் தேடினோம், பழைய குறுந்தகடுகளில் தேடினோம். கடைசியில் நிகழ்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தேதி இருந்தது. ‘கிராமியப் பாடல், 12 நிமிடம்’ என்று இருந்தது. பங்கேற்பாளர் பெயருக்கான கட்டத்தில் ‘கிராமத்துப் பெண்’ என்று எழுதியிருந்தோம். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பாட்டியின் பெயரை எங்களிடம் சொன்னார்.