குடை பிடித்த பெண் ஜெயித்த கதை: இனிமேல் கைதட்ட மாட்டேன்

போன வாரம் எங்கள் கல்லூரிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்திருந்தார். பி.காம். மூன்று செக்‌ஷனையும் ஒரே ஹாலில் அடைத்து இரண்டு மணி நேரம். எல்லாக் கதையும் "நினைத்தால் முடியும்" ரகம்தான். அதில் ஒன்று ஜப்பானின் கெய்கோ இஹாரா கதை. "ரேஸ் மைதானத்தில் குடை பிடித்து நின்ற பெண், ரேஸ் டிரைவர் ஆனாள். அவளால் முடியும்னா உங்களால் முடியாதா?" என்றார். ஹாலே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

பக்கத்தில் என் தோழி. சி.ஏ. படிக்க ஆசைப்பட்டு, ஃபீஸ் கட்ட வீட்டில் வழியில்லை என்று பாதியில் விட்டவள். (அதே வருடம் அவள் தம்பிக்கு இன்ஜினியரிங் சீட்டுக்கு மட்டும் வழி கிடைத்தது!) வெளியே வரும்போது, "எனக்குத்தான் நினைக்கத் தெரியல போலடி" என்றாள். சுருக்கென்றது. இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இஹாரா 1973-ல் பிறந்தவர். மாடலிங் செய்துகொண்டிருந்தவர், "ரேஸ் க்வீன்" வேலைக்குப் போனார். பெயர்தான் ராணி. கம்பெனி பெயர் பொறித்த உடையைப் போட்டுக்கொண்டு, ரேஸ் தொடங்குமுன் டிரைவர் தலைக்கு மேலே குடை பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே நின்று பார்த்துத்தான் அவருக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. 1999-ல் முதல் ரேஸ். அப்போது வயது 25. பிறகு 2005-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2012-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேர ரேஸ். இதெல்லாம் சாதாரணமா? சத்தியமாக இல்லை. அவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கைதட்டலாம். என் சண்டை அந்தக் கதையைச் சொல்லும் விதத்தோடுதான்.

ரேஸிங்கில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கீழ்மட்ட ஃபார்முலா போட்டிகளில் பெரும்பாலும் டீம் டிரைவருக்குச் சம்பளம் தராது. டிரைவர்தான் டீமுக்குப் பணம் கொண்டுவர வேண்டும். டயர், எஞ்சின், மெக்கானிக், பயண டிக்கெட் எல்லாம் அதில் அடக்கம். அதாவது, குடை பிடித்தபோது ஸ்பான்சர் அவருக்குப் பணம் கொடுத்தான். ஸ்டீயரிங் பிடிக்க வேண்டுமென்றால் அதே மாதிரி ஸ்பான்சர்களைத் தேடி அவர்தான் அலைய வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் படித்தோமே, வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று? ஒன்றின் பலன் அந்த வருடத்தோடு முடிந்துவிடும். இன்னொன்றின் பலன் பல வருடங்களுக்கு வரும். குடை பிடிக்கும் பெண் முதல் ரகச் செலவு. சீசன் முடிந்தால் கணக்கை மூடிவிடலாம். அவளை டிரைவராக வளர்ப்பது இரண்டாவது ரகம். அந்த லெட்ஜரில் அவள் பெயரை எழுதத்தான் ஆளில்லை.

"25 வயசுல ஆரம்பிச்சா எப்படிங்க பெரிய ஆளாக முடியும்? உலக சாம்பியன் பட்டம் ஒண்ணும் இல்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டகுமா சாடோவைப் பாருங்கள். அவரும் ஜப்பான்தான். 1977-ல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது சைக்கிள் பந்தய வீரர். இந்தத் துறையில் அவரும் லேட்தான். 1997-ல், 20 வயதில், சுஸுகா ரேஸிங் பள்ளியில் சேர்ந்தார். ஹோண்டா பின்னால் இருக்கும் பள்ளி அது. அங்கே ஜெயித்து ஸ்காலர்ஷிப் வாங்கினார். 2001-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன். 2002-ல் ஃபார்முலா 1. பிறகு 2017, 2020 என்று இரண்டு முறை இண்டியானாபொலிஸ் 500 பட்டம்.

சாடோவின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பள்ளி பெண்களைத் தடுத்தது என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: லேட்டாக வந்தவனையும் ஒரு கம்பெனி நினைத்தால் தூக்கிவிடலாம். அதே நாட்டில், அதே தொண்ணூறுகளில், ரேஸ் மைதானம் ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. இன்னொருவருக்குக் குடையைக் காட்டியது.

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. ஜுஜு நோடா. 2006-ல் பிறந்தவர். மூன்று வயதிலேயே கார்ட் ஓட்ட ஆரம்பித்தவர். 2020-ல் டென்மார்க் ஃபார்முலா 4-ல் இறங்கிய முதல் ரேஸிலேயே ஜெயித்தார். 2024-ல், 18 வயதில், சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டிய முதல் ஜப்பானியப் பெண் ஆனார். எப்படி? அப்பா ஹிடெகி நோடா 1994-ல் ஃபார்முலா 1-ல் மூன்று ரேஸ் ஓட்டியவர். பெண்ணுக்காகச் சொந்த டீமே நடத்தினார். ஆக, வாய்ப்பைச் சின்ன வயதிலேயே கொடுத்தால் பெண்ணும் ஓட்டுவாள். அதற்கு ரேஸ் டிரைவர் வீட்டிலேயே பிறக்க வேண்டும் என்றால், மற்றவர்கள் எங்கே போவது?

பேச்சாளர் சொல்லாமல் விட்ட பாதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2018 ஜூனில் இஹாரா நிசான் கம்பெனியின் வெளி இயக்குநர் ஆனார். அந்த நவம்பரில் கம்பெனித் தலைவர் கார்லோஸ் கோஸ்ன் கைதானார். தன் சம்பளத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டியதாகக் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். வழக்கு முடியுமுன்பே 2019 கடைசியில் லெபனானுக்குப் பறந்துவிட்டார். கோஸ்ன் காலத்தில் போர்டு மீட்டிங் சராசரியாக 20 நிமிடம்கூட நடக்கவில்லை என்று 2019 மார்ச்சில் வந்த நிர்வாகச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை சொன்னது. ஆட்களை நியமிப்பது, சம்பளம் நிர்ணயிப்பது எல்லாம் ஒரே ஆள் கையில்!

அந்த ஜூனில், பெரிய அதிகாரிகளின் சம்பளத்தை முடிவு செய்யத் தனிக் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? இஹாரா. அடுத்த மூன்று மாதத்தில், பங்கு விலையோடு சேர்ந்த ஊதியத் திட்டத்தில் கூடுதல் பணம் பெற்ற விவகாரத்தில், கம்பெனியின் தலைமை நிர்வாகி சாய்காவாவும் விலகினார்.

"ரேஸ் ஓட்டினவங்களுக்குச் சம்பளக் கணக்கு என்ன தெரியும்?" என்று நக்கல் அடிப்பவர்கள் அடிக்கட்டும். பணக்காரக் கம்பெனிகள் யாருக்குக் கொடுக்கின்றன, யாருக்குக் கொடுப்பதில்லை என்பதை, கொடுக்கப்படாத பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படிக்க முடியும்?

"அவளால் முடிந்தது" என்று சொல்லும்போது "உனக்கு முடியாதது உன் தப்பு" என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். என் தோழி காதில் அதுதான் விழுந்தது. ஒருத்தி தப்பித்து வந்ததைக் காட்டி, மீதிப் பேரிடம் குறை கண்டுபிடிக்காதீர்கள். கதவை யார் பூட்டினார்கள், சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த முறை அந்தப் பேச்சாளர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "சார், குடை பிடிக்கக் காசு கொடுத்தவங்க, கார் ஓட்ட ஏன் கொடுக்கல?"

பதில் வந்தால், அப்போது கைதட்டுகிறேன்.