ஸ்பிரிங்கை வெட்டிட்டு டயரைத் திட்டாதீங்க!

காரை ரெண்டு இஞ்ச் இறக்கிட்டு, 'இந்த டயரே மட்டம், அதுக்குள்ள மொட்டையாயிடுச்சு'ன்னு பொலம்புற மகாஜனங்களே, டயர் என்ன பாவம் பண்ணுச்சு?

வண்டியை இறக்கினா கேம்பர் மாறும், சக்கரத்தோட தலை உள்பக்கம் சாயும். இது தெரிஞ்சவங்க மொத்தப் பழியையும் அது மேல போடுறாங்க. நிஜ வில்லன் டோ. டை ராடோட கோணம் மாறுறதால முன்சக்கரம் ரெண்டும் நேரா பார்க்காது. ஒரு சக்கரம் ஒரு டிகிரி கோணலா நின்னா, கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே போகுது. ரப்பர் தாங்குமா?

தேயறது பெரும்பாலும் உள்விளிம்பு. வெளியே பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், உள்ளே கம்பி தெரியும். மழையில பிரேக் போடுறப்ப உயிர் அந்த விளிம்புலதான் இருக்கு.

ஸ்பிரிங்குக்கு ஆயிரக்கணக்குல கொட்டுறவங்களுக்கு அலைன்மென்ட்னா மட்டும் கை நடுங்குது! ஒரிஜினல் ஸ்பிரிங்கையே அறுக்குறவங்க இன்னும் மேல. பள்ளத்துல சக்கரம் தொங்கினா வெட்டின ஸ்பிரிங் இடத்தை விட்டே நழுவலாம்.

இறக்கியே தீரணுமா? டோவைச் சரி பண்ணாம வண்டியை வெளியே எடுக்காதீங்க. மாசம் ஒருமுறை ஸ்டியரிங்கை ஒடிச்சு உள்விளிம்பைத் தடவிப் பாருங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன்தான், மெக்கானிக் இல்ல. 17 மீட்டர் கணக்குக்கு சைன் டேபிள் சாட்சி :-)