இரைச்சலுக்கு எத்தனை நட்சத்திரம்?

2025 ஜூலை 5ஆம் திகதி, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் குழுவினர் தமது இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினர். பார்க்கின்சன் நோயினால் தளர்ந்திருந்த ஓசி ஒஸ்போர்ன், பெரியதோர் ஆசனத்தில் அமர்ந்தவாறே பாடினார். 17 நாட்களின் பின்னர், தமது 76ஆவது வயதில் அவர் காலமானார். உலகப் பத்திரிகைகள் யாவும் புகழுரைகளால் நிறைந்தன. அவற்றை வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, இதே குழுவின் முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பே நினைவுக்கு வந்தது.

அந்த அல்பத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. விமர்சகர்களோ கைவிரித்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்ரர் பாங்ஸ், இவர்கள் கிரீம் குழுவின் மட்டமான நகல் என்ற வகையில் எழுதித் தள்ளுபடி செய்தார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதே பாங்ஸ், வேறோர் இதழில் அவர்களைப் பற்றி நீண்டதொரு கட்டுரையை அனுதாபத்துடன் எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் தீர்ப்பை மாற்றி எழுதத் துணிந்த விமர்சகர்கள் எங்கள் தொழிலில் அதிகமில்லை.

நிற்க. இன்று வாரந்தோறும் வெளிவரும் ஹெவி மெற்றல் அல்பங்களை எப்படி மதிப்பிடுவது? பத்துக்கு ஏழு, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று இலக்கம் போடும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை இரண்டு எதிர்த்துருவங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது ஸ்லட்ஜ். பெயரின் பொருளே சேறு. பிளாக் சபாத்தின் மந்தகதியையும் ஹார்ட்கோர் பங்க் இசையின் கோபத்தையும் சேர்த்துப் பிசைந்து, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான வடிவம் இது. வாஷிங்டன் மாநிலத்து மெல்வின்ஸ் குழுவினர் வழியமைத்தார்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இளைஞர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்குவது இதன் அடிப்படை. அந்தப் பழக்கத்தின் வேரும் பேர்மிங்ஹாமில்தான் இருக்கிறது. 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்த ரொனி அயோமி, பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். இறுக்கமான தந்தி வலித்தது, தளர்த்தினார். 1971இல் வந்த மூன்றாவது அல்பத்தில் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே போயிருந்தது. ஒரு தொழிலாளியின் காயம் ஓர் இசைவகையின் குரலாயிற்று.

ஆகவே, ஸ்லட்ஜ் பாடகரின் சொற்கள் விளங்கவில்லை என்று குறைகூறுவது பொருளற்றது. அங்கே குரலும் ஒரு வாத்தியமே. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்த மந்தகதிக்குக் கனம் இருக்கிறதா? ஒரே கிற்றார்த் தொடர் எட்டாவது தடவை திரும்பிவரும்போது முதல் தடவையில் இல்லாத எதையேனும் சுமந்துவருகிறதா? புதிய குழுக்களிற் பல இங்கேதான் தோற்கின்றன. பெரிய ஒலிபெருக்கியை வாங்கிவிட்டால் போதும் என எண்ணுகின்றன. லூயிசியானாவைச் சேர்ந்த தௌ குழுவினர் 2024 மே மாதம் வெளியிட்ட 'அம்பிலிக்கல்' அந்தத் தவறைச் செய்யவில்லை. முன்னைய அல்பங்களைவிட வேகமும் சுருக்கமும் கூடியது அது. அதன் கோபம் வெளியுலகத்தை மட்டுமன்றித் தம்மையும் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. அதனால்தான் உறைக்கிறது.

மறுமுனையில் நிற்பது சிம்பொனிக் மெற்றல். சுவீடனின் தேரியன் குழு 1996இல் 'தேலி' அல்பத்தின் மூலம் இதற்கு உருவம் கொடுத்தது. அதே ஆண்டில் பின்லாந்தின் கிட்டே என்ற சிற்றூரில் நைட்விஷ் தோன்றியது. 2004இல் நைட்விஷ் குழுவினர் லண்டன் இசைக்கலைஞர்களை அமர்த்தி 'வன்ஸ்' அல்பத்தைப் பதிவுசெய்தபோது அது பெருஞ்செலவான காரியம். இன்றோ கணினி வைத்திருப்பவர் எவரும் ஐம்பது வயலின்களை வரவழைத்துவிடலாம். எனவே நான் ஒரு சோதனை செய்வதுண்டு. வாத்தியக்குழுவை மனதால் அகற்றிவிட்டுப் பாடலைக் கேட்பேன். பாடலுக்கு எந்த நட்டமும் இல்லையெனில், அது கலியாண வீட்டு மின்குமிழ் அலங்காரம், அவ்வளவுதான்.

2024 செப்ரெம்பரில் வந்த நைட்விஷின் 'யெஸ்ரர்விண்ட்' இச்சோதனையில் தேறுகிறது. வாத்தியங்கள் தமக்கான பாதையில் நடக்கின்றன. ஆனால் புளோர் ஜான்சன் போன்ற அபூர்வமான பாடகியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரது குரலைக் கூட்டுப்பாடகர்களுக்கும் வாத்தியங்களுக்கும் பின்னால் புதைத்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மணித்தியாலத்தைத் தாண்டி நீளும் அல்பத்தில் இது சிறு குறையல்ல.

ஒலியளவு என்ற நோயும் உண்டு. மெற்றாலிக்காவின் 'டெத் மக்னெற்றிக்' 2008இல் வந்தபோது, மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். அதே பாடல்கள் ஒரு காணொளி விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததே அவர்களுக்குக் கிடைத்த சான்று. இந்த நசுக்கல் ஸ்லட்ஜ் அல்பத்தில் நேர்ந்தால் ஓரளவு பொறுக்கலாம். அதன் கிற்றார் ஒலி ஏற்கெனவே தட்டையாக்கப்பட்டது. சிம்பொனிக் அல்பத்துக்கோ அது மரணம். வயலினின் உயிரே மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையிலான தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரு இடங்களில் இரு தண்டனை. இதை எந்த நட்சத்திரத்தால் காட்டுவது?

இவ்வளவும் எழுதும் நான் யோக்கியன் அல்லன். 2004இல் அற்லாண்டாவின் மஸ்ரொடொன் குழுவினரது 'லெவியாதன்' அல்பம் என் மேசைக்கு வந்தது. பக்கம் அச்சுக்குப் போகும் அவசரம். செய்தி அறைக் கணினியின் கைப்பிடியளவு ஒலிபெருக்கியில் ஒரு தடவை கேட்டு, 'வெறும் இரைச்சல்' என்று நான்கு வரி எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். ஓராண்டு கழித்து, நல்ல கருவியில், இரவில், தனியாகக் கேட்டேன். அந்தச் சின்ன ஒலிபெருக்கி கீழ்ச்சுரங்களில் பாதியை எனக்குத் தரவேயில்லை. ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலைத் தழுவிய அல்பம் அது. நான் கேட்டது கடலில்லாத கதையை.

திருத்தம் எழுதியிருக்கலாம். 'பழைய அல்பத்துக்கு இனி யார் இடம் ஒதுக்குவார்கள்' என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த அல்பத்தில் கிற்றார் வாசித்துப் பாடிய பிரெண்ட் ஹைண்ட்ஸ் 2025 ஓகஸ்ட் மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிரிழந்தார். செய்தி வந்த இரவு 'லெவியாதன்' அல்பத்தை முதலிலிருந்து முடிவுவரை மீண்டும் கேட்டேன். அந்த நான்கு வரிகளை இன்று மீளப்பெறுகிறேன்.