இலாபத்தில் மட்டுமன்றி இழப்பிலும் பங்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது முதுமொழி. யாழ். குடாநாட்டின் தோட்டச் செய்கையாளர்களுக்கு இது இன்றும் பொருந்தி வருவதுதான் வேதனை. காலபோக அறுவடைக் காலத்தில் மரக்கறி சந்தையில் குவிய விலை சரிகின்றது. கொண்டுவந்த பொருளில் பத்து வீதம் 'கழிவு' என்ற பெயரில் கழிக்கப்படுவதாக விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். நுகர்வோரோ மலிவாக வாங்கியதாகவும் தெரியவில்லை.

இந்நிலை புதிதன்று. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் எமது விவசாயிகளைத் தலைநிமிரச் செய்தன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அச்சந்தை சரிந்தது. 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் கைவிடப்பட்ட இரசாயன உரத் தடையின்போதும் பாதிப்பைச் சுமந்தவர்கள் விவசாயிகளே. கொள்கை வகுப்போர் மாறினர், நட்டமடைவோர் மாறவில்லை.

இச்சுமையைப் பகிர்ந்துகொள்ள உலகில் வழியொன்று உண்டு. ஜப்பானில் 1970 களில் 'தெய்க்கெய்' என்ற பெயரில் நுகர்வோர் விவசாயிகளுடன் நேரடி உடன்பாடு செய்துகொண்டனர். 1986 இல் அமெரிக்காவில் இரு பண்ணைகள் இத்தகைய முறையைத் தொடங்கின. போகத்தின் தொடக்கத்திலேயே குடும்பங்கள் பங்குப் பணத்தைச் செலுத்துகின்றன. வாரந்தோறும் விளைந்ததைப் பெறுகின்றன. விளைச்சல் மிகுந்தால் கூடை நிறையும். குறைந்தால் அக்குறையையும் ஏற்கவேண்டும்.

பங்கு என்பது எமக்கு அந்நியமான சொல்லன்று. ஒரே கிணற்றில் பலர் பங்குகொண்டு முறைவைத்து நீர் இறைத்த மண் இது. கிணற்றுப் பங்கையும் வாய்க்கால் உரிமையையும் உறுதியில் எழுதிவைத்தவர்கள் எமது முன்னோர். நம்பிக்கையை மட்டுமே பிணையாகக் கொண்டு சீட்டுப் பிடித்தவர்களும் நாமே. முன்பணம் கொடுத்து விளைபொருளைப் பின்னர் பெறும் 'ஸலம்' ஒப்பந்தத்தை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். விவசாயி வட்டிக்கடனில் வீழாதிருக்க அது உதவுகின்றது. இழப்பையும் பகிர்வதால் பங்குமுறை அதிலிருந்து வேறுபடுகின்றது. ஆயினும் அளவும் தரமும் தவணையும் முன்கூட்டியே தெளிவாக வரையறுக்கப்படவேண்டும் என்னும் அதன் நிபந்தனை இங்கும் படிப்பினையாகும்.

இதனை விவசாயிக்குச் செய்யும் உபகாரமாக எவரும் கருதலாகாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் கீழுள்ள நீரே அனைவருக்கும் ஆதாரம். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. அதற்கு அளவுமீறிய உரப் பாவனை முக்கிய காரணம். விலை நிச்சயமில்லாத விவசாயி விளைச்சலைப் பெருக்க உரத்தையே நாடுகின்றான். தோட்டத்தில் இட்டது எமது குடிநீரில் கலக்கின்றது. விலைக்கு உத்தரவாதம் அளிப்பதன் மூலமே உரத்தைக் குறைக்குமாறு கேட்கும் உரிமையை நாம் பெறுகின்றோம்.

இடர்களும் இல்லாமலில்லை. 2008 இல் நிஷா புயலும் 2025 இல் டித்வா புயலும் நவம்பர் மாதத்திலேயே வந்தன. பயிர் அழிந்த வாரத்தில் வெறுங்கூடையைப் பொறுத்துக்கொள்ள நகரத்துக் குடும்பங்கள் ஆயத்தமா? பணத்தைப் பெற்றபின், சந்தையில் விலை ஏறினாலும் வாக்கை மீறாதிருக்க விவசாயிகள் ஆயத்தமா? இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைத்தாலன்றி இம்முயற்சி நிலைக்காது.

ஆகவே சிறிதாகத் தொடங்குவதே விவேகம். இருபது குடும்பங்கள், இரண்டு மூன்று தோட்டங்கள், ஒரு போகம் போதும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் விநியோக இடமாகவும் கணக்குக்குப் பொறுப்பாகவும் அமையலாம். 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த முஸ்லிம் குடும்பங்களும் அவர்களது தமிழ் அயலவரும் ஒரே தோட்டத்தின் பங்காளராவது, மேடைப் பேச்சுகளால் இயலாத நெருக்கத்தை ஏற்படுத்தக்கூடும்.

அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்தப்படும் முன்னர் கூட்டுறவாளர்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒரு மேசையில் அமரவேண்டும். விதைக்கும் வேளையில் உடன் நில்லாதவர்கள், விலை ஏறும் வேளையில் முறையிடுவதில் நியாயமில்லை என்பதே எமது நிலைப்பாடு.